பத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனவன்

சென்ற தவணை முடிவில் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் வந்து, "சேர், பொலிஸ்காரனைப் பற்றி நல்ல படம் ஒன்று சொல்லுங்கோ" என்று கேட்டான். இப்பகுதியில் நான் இடையிடையே திரைப்படங்களைப் பற்றி எழுதி வருவதால் நேர்ந்த வினை இது. படத்துக்கா பஞ்சம், நமது படமாளிகைகளில் பொலிஸ்காரர் வராத படம் எது என்று கேட்டேன். "அதில்லை சேர். அதிலெல்லாம் ஆறடி உயரம், முறுக்கிய மீசை, ஒரு கையாலே பத்துப் பேருக்கு அடி. எங்கடை சந்தியில் நிற்கிறவர் அப்படி இல்லையே" என்றான். பையனின் கண் கூர்மையானது என்று எண்ணிக்கொண்டேன். உடனே என் நினைவுக்கு வந்தது ஓர் அமெரிக்கப் படம். அதன் நாயகன் ஐந்தடி நான்கங்குல உயரமே உள்ள ஒரு மோட்டார் சைக்கிள் பொலிஸ்காரன். வெளிவந்து அரை நூற்றாண்டு கழிந்த பின்னும், சிறு கூட்டமொன்று விடாப்பிடியாகப் போற்றி வரும் படங்களுள் அது ஒன்று.

'எலெக்ட்ரா கிளைட் இன் புளூ' என்பது அதன் பெயர். 1973ஆம் ஆண்டில் வெளியானது. பெயரைக் கேட்டதும் பொருள் விளங்காது. எலெக்ட்ரா கிளைட் என்பது ஒரு பெண்ணின் பெயரன்று. ஒரு மோட்டார் சைக்கிளின் பெயர். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1903இல் தோன்றிய ஹார்லி டேவிட்சன் கம்பனியார், 1965இல் தமது பெரிய வண்டிக்கு மின்சாரத்தால் இயந்திரத்தைக் கிளப்பும் பொறியைப் பூட்டினர். அதுவரை ஓட்டுபவர் தம் உடற்பாரம் முழுவதையும் ஒரு காலில் ஏற்றி உதைத்தே இயந்திரத்தை எழுப்ப வேண்டியிருந்தது. இனிப் பொத்தானை அழுத்தினாற் போதும். மின்சாரத்தை நினைவூட்டி எலெக்ட்ரா என்று பெயரிட்டனர். 300 கிலோவுக்கு மேல் நிறை கொண்ட வண்டி அது. அமெரிக்கப் பொலிஸாருக்கும் ஹார்லிக்கும் உள்ள உறவோ மிகப் பழையது. டெட்ராயிட் நகரப் பொலிஸார் 1908இலேயே அதனை வாங்கிவிட்டனர். பெயரின் கடைசியிலுள்ள நீலம் பொலிஸ்காரனின் உடையைக் குறிப்பது. ஆங்கிலத்தில் நீலம் என்பது மனச்சோர்வையும் குறிக்கும். படம் பார்த்து முடித்தவர்க்கு இரண்டாவது பொருளே முதலாவதாகத் தோன்றும்.

இதிலே வேடிக்கை என்னவென்றால், நாயகனுக்கு அந்த வண்டியே பிடிக்காது. ஜோன் விண்டர்கிரீன் என்பது அவன் பெயர். அரிஸோனாவின் பாலைவனத்து நெடுஞ்சாலையில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு மரமும் இல்லாத வெயிலில், வேகமாய் ஓடும் வாகனங்களை மறித்துத் தண்டச் சீட்டு எழுதுவது அவன் தொழில். தனக்குக் கீழே கிடக்கும் அந்த யானையைவிடத் தான் வெறுப்பது உலகில் வேறொன்றுமில்லை என்கிற மனிதன் அவன். வியட்நாம் யுத்தத்திலிருந்து திரும்பியவன். கொலை வழக்குகளைத் துப்புத் துலக்கும் பிரிவிலே சேர வேண்டும், சூட்டும் தொப்பியும் அணிய வேண்டும், காலை மடக்கி வண்டியில் இருப்பதற்குப் பதில் மூளையால் வேலை செய்ய வேண்டும் என்பதே அவன் கனவு. அவனுடைய கூட்டாளி சிப்பர் என்பவனோ இதற்கு நேர்மாறு. நிழல் கண்ட இடத்திலே சாய்ந்திருப்பதைக் கடமையாகக் கொண்டவன். எல்லா அலங்காரமும் பூட்டிய சொந்த எலெக்ட்ரா கிளைட் ஒன்றுக்காக ஏங்குபவன். ஒருவனுக்குச் சுமையாக இருப்பது மற்றவனுக்குச் சொர்க்கமாக இருக்கிறது. கதை முழுவதையும் நகர்த்துவது இந்த இரண்டு ஆசைகளே.

விண்டர்கிரீனாக நடித்தவர் ரொபர்ட் பிளேக். அவருடைய குட்டையான உருவத்தைப் படம் மறைக்க முயலவில்லை. நம்மவர்கள் ஆயின் கதாநாயகனைப் படியிலே நிறுத்தி மற்றவரைக் கீழே நிறுத்தியிருப்பார்கள். இங்கே அவனே அதைச் சொல்லிச் சிரிக்கிறான். 'ஷேன்' என்ற படத்தில் துப்பாக்கி வீரனாக வந்து உலகப் புகழ் பெற்ற அலன் லாட் என்ற நடிகரும் தன் உயரந்தான் என்பதைச் சந்திக்கும் பெண்களிடமெல்லாம் பெருமையாக எடுத்துச் சொல்கிறான். கேட்கும் நமக்குச் சிரிப்பும் வருகிறது. கொஞ்சம் இரக்கமும் வருகிறது. காலையில் அவன் உடுத்தும் காட்சி ஒன்றுண்டு. இடுப்புப் பட்டி, சப்பாத்து, கையுறை, தலைக்கவசம் என்று ஒவ்வொன்றாய்க் கமெரா மிக அருகில் நின்று காட்டுகிறது. ஒரு சிறிய மனிதன் மெல்ல மெல்ல அரசாங்கமாக மாறுகிறான். அந்த உடையைக் கழற்றியும் அவனைப் பார்த்தவர்கள் நாம். வீதியில் அவன் மறிப்பவர்களோ உடையை மட்டுமே பார்ப்பவர்கள். இதை நினைவில் வைத்திருங்கள்.

ஒருநாள் பாலைவனத்துக் குடிசை ஒன்றிலே தனித்து வாழ்ந்த ஒரு முதியவர் துப்பாக்கிச் சூட்டுக் காயத்தோடு இறந்து கிடக்கிறார். அவருடைய தோழரான வில்லி என்ற அரைப் பித்தர் ஓடிவந்து செய்தி சொல்கிறார். பார்த்தவர்களெல்லாம் தற்கொலை என்று எழுதி முடிக்க ஆயத்தமாகிறார்கள். விண்டர்கிரீன் மட்டும் ஒப்பவில்லை. துப்பாக்கியால் தன்னுயிரைப் போக்கிக்கொள்பவன் தலைக்கு நேரே பிடிப்பானேயன்றி மார்புக்கு நேரே பிடிப்பானா என்பது அவன் கேள்வி. அவனைப் பலர் எள்ளுகிறார்கள். சவப் பரிசோதனையிலே வேறொரு சிறு ரவையும் அகப்பட, அவன் சொன்னதே சரியாகிறது. முதியவர் வீட்டில் மறைத்து வைத்திருந்த 5000 டொலரும் காணாமற் போயிருக்கிறது. ஹார்வ் பூல் என்னும் பெரிய துப்பறியும் அதிகாரி விண்டர்கிரீனைத் தம் சாரதியாகவும் உதவியாளனாகவும் அழைத்துக்கொள்கிறார். கனவு பலித்துவிட்டது! புதிய சூட்டும் அகன்ற தொப்பியும் அணிந்து அவன் வெளிவரும் காட்சியிலே அவனுடைய முகத்தில் தெரியும் மகிழ்ச்சி, பரீட்சையிற் சித்தியடைந்த செய்தியைக் கேட்ட பிள்ளையின் மகிழ்ச்சி.

அந்த மகிழ்ச்சி சில நாளிலே கசக்கிறது. பூல் வாய்ச்சொல்லில் வீரர். நீதி, உண்மை என்று நீண்ட பிரசங்கம் செய்வார். பிறகு நீண்ட தலைமயிர் வைத்த இளைஞர்கள் கூடி வாழும் இடத்துக்குப் போய் அவர்களை அடித்து வாக்குமூலம் கேட்பார். அவருக்குத் துப்புத் துலக்கத் தெரியாது. அச்சுறுத்த மட்டுமே தெரியும். விண்டர்கிரீன் நேர்மையுள்ளவன். தண்டச் சீட்டு எழுதும்போது எதிரே இருப்பவன் பெரிய அதிகாரியா, கூலிக்காரனா என்று பாராதவன். தான் உயர்வென்று எண்ணியிருந்த உத்தியோகத்தின் உட்புறத்தை அவன் இப்போது காண்கிறான். இதற்கிடையே ஜோலின் என்னும் பெண்ணொருத்தியின் பொருட்டு இருவருக்கும் பகை மூள்கிறது. இவன் பழகி வந்த அவளே அதிகாரியின் காதலியுமாவாள். விவரம் குடும்பப் பத்திரிகைக்கு வேண்டாம். பூல் அவமானம் தாங்காமல் இவனைத் திரும்பவும் மோட்டார் சைக்கிளிலே தூக்கிப் போட்டுவிடுகிறார்.

ஆனால், பதவி போன பிறகுதான் விண்டர்கிரீன் உண்மையைக் கண்டுபிடிக்கிறான். கொன்றவர் வில்லியே. முதியவரிடம் போதைப்பொருள் வாங்க இளைஞர்கள் வந்து போகத் தொடங்கியதும், தமக்கென்றிருந்த ஒரே நட்பும் கைநழுவுகிறதே என்ற பொறாமையாற் செய்த கொலை. தனிமையே இப்படத்திற் கொலையாளி எனலாம். வில்லியாக நடித்த எலீஷா குக் என்பவர், 'தி மோல்டீஸ் பால்கன்' போன்ற பழைய துப்பறியும் படங்களில் நடுங்கும் சிறு கயவனாக வந்து பழகிய முகம். அவர் தனக்குத் தானே பேசி உண்மையைக் கக்கும் காட்சியிலே, கோபம் கொள்ள வேண்டிய நாம் தலைகுனிந்து விடுகிறோம். பணத்தை எடுத்தவன் யார்? சிப்பர். அவன் ஆசைப்பட்ட அலங்கார வண்டி பளபளவென்று வந்து நிற்கிறது. கூட்டாளியைக் கேட்கப் போன இடத்தில் அவன் வெறி பிடித்துச் சுடத் தொடங்க, அயலில் நின்றவரையும் சுட, விண்டர்கிரீன் தன் கையாலேயே நண்பனைச் சுட வேண்டி வருகிறது. துப்புத் துலங்கிற்று, மெச்ச ஒருவரும் இல்லை.

இந்தக் கதையை எழுதியவர்களில் ரொபர்ட் போறிஸ் முக்கியமானவர். நெறிப்படுத்தியவரின் பெயரைக் கேட்டாற் சங்கீத ரசிகர்களே திடுக்கிடுவர். ஜேம்ஸ் வில்லியம் குவேர்சியோ என்பவர் சினிமாக்காரரே அல்லர். 'சிக்காகோ' என்ற புகழ்பெற்ற இசைக்குழுவின் இசைத்தட்டுகளைத் தயாரித்தவர். அப்போது அவருக்கு முப்பது வயதும் நிரம்பவில்லை. இதற்கு முன் ஒரு படமும் எடுத்ததில்லை. இதற்குப் பின்னும் ஒன்றையும் நெறிப்படுத்தவில்லை. படத்தின் இசையும் அவருடையதே. குழுவினர் சிலர் சிறு வேடங்களில் நடித்துமிருக்கிறார்கள். அநுபவமில்லாத தமக்கு அநுபவமுள்ள ஒளிப்பதிவாளர் வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தது அவருடைய புத்திசாலித்தனம். கொன்ராட் ஹோல் என்பவரை அமர்த்தும் செலவுக்காக அவர் தமது சம்பளத்தை ஒரே ஒரு டொலராகக் குறைத்துக்கொண்டார் என்பது இப்படத்தோடு எப்போதும் சேர்த்துச் சொல்லப்படும் செய்தி.

கொன்ராட் ஹோலைப் பற்றி ஒரு வார்த்தை. பசிபிக் சமுத்திரத்துத் தஹிற்றித் தீவிலே பிறந்தவர் அவர். தகப்பனார் ஜேம்ஸ் நோர்மன் ஹோல், 'பவுண்டி' கப்பற் கலகத்தை நாவலாக எழுதிய இருவருள் ஒருவர். கடற்கதை மன்னரான ஜோசப் கொன்ராட்டின் பெயரைத்தான் மகனுக்கு இட்டார். மகன் பேனாவை விட்டுக் கமெராவை எடுத்தார். மூன்று முறை ஒஸ்கார் பரிசு பெற்றார். மூன்றாவது அவர் 2003இல் மறைந்த பிறகே அறிவிக்கப்பட்டது. இப்படத்தில் வீட்டுக்குள்ளே நிகழும் காட்சிகளில் இருள் அதிகம். சாளரத்தால் வரும் ஒரு கீற்று வெளிச்சத்திலே முகங்கள் பாதி தெரியும். வெளியே வந்தாலோ வானமும் மண்ணும் ஓவியம் போல விரியும். நெறியாளர் தம் ஆதர்ச புருஷராகக் கொண்டிருந்தது ஜோன் போர்ட்டை. 1939இல் 'ஸ்டேஜ்கோச்', 1956இல் 'தி சேர்ச்சர்ஸ்' என்று, குதிரை வீரர் கதைகளை மொனியுமெண்ட் வலி என்னும் செம்மண் பள்ளத்தாக்கிலே படமாக்கியவர் போர்ட். அரிஸோனாவும் யூற்றாவும் சந்திக்கும் எல்லையில், நவஹோ மக்களின் நிலத்தில், கோபுரங்கள் போல எழும் கற்பாறைகள் அங்கே நிற்கின்றன. குதிரை ஓடிய அந்த நிலத்திலேயே குவேர்சியோ மோட்டார் சைக்கிளை ஓடவிட்டார். படம் வெளிவந்த அதே 1973இல் போர்ட் காலமானார்.

இனி முடிவுக்கு வருகிறேன். அதற்கு முன் வேறொரு படத்தைச் சொல்லியாக வேண்டும். 1969இல் 'ஈஸி ரைடர்' என்று ஒரு படம் வந்தது. நீண்ட தலைமயிர் வைத்த இரண்டு இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் அமெரிக்காவைக் குறுக்கே கடக்கிறார்கள். முடிவில் ஒரு சிறு லொறியிற் போகும் நாட்டுப்புறத்தார் காரணமின்றி அவர்களைச் சுட்டுக் கொல்கிறார்கள். இளைஞர் உலகம் அதனைத் தன் சரித்திரமாகவே ஏற்றுக்கொண்டது. காலமும் அப்படிப்பட்டது. வியட்நாம் யுத்தத்தால் வீடுகள் இரண்டுபட்டிருந்தன. 1970 மே 4ஆந் திகதி ஒஹாயோவின் கென்ற் பல்கலைக்கழகத்திலே தேசியக் காவற்படையினர் சுட்டு நான்கு மாணவர் இறந்தனர். சீருடை என்றால் இளைஞருக்கு வெறுப்பு. நீண்ட தலைமயிர் என்றாற் பொலிஸாருக்கு வெறுப்பு. அந்த வேளையிலே குவேர்சியோ ஒரு பொலிஸ்காரனை நடுவில் நிறுத்தி, அவன் கண்ணால் அந்த வீதியைப் பார்க்கச் சொன்னார். பொலிஸார் துப்பாக்கிப் பயிற்சி செய்யும் ஒரு காட்சியில் இலக்காகத் தொங்குவது 'ஈஸி ரைடர்' படத்தின் விளம்பரத் தட்டி! அந்தக் குறும்புக்கு அவர் நிரம்ப விலை கொடுத்தார்.

படத்தின் தொடக்கத்தில் ஒரு வானை மறித்து, அதன் சாரதியான இளைஞனை வீணே துன்புறுத்துகிறான் சிப்பர். விண்டர்கிரீன் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். இறுதியில், நண்பனையும் இழந்து, கனவையும் இழந்து, தனியே வீதியில் நிற்கும் விண்டர்கிரீன் அதே வானை மீண்டும் மறிக்கிறான். அவனே சாரதி. உடன் ஒருவன் இருக்கிறான். இம்முறை தண்டமில்லை, எச்சரிக்கையோடு போக விட்டுவிடுகிறான். வான் புறப்பட்ட பிறகே தெரிகிறது, இளைஞனின் சாரதி அநுமதிப் பத்திரம் தன் கையிலேயே தங்கிவிட்டதென்று. அதைத் திருப்பிக் கொடுப்பதற்காக வண்டியைக் கிளப்பிப் பின்னால் விரைகிறான். வானுக்குள்ளிருப்பவர் கண்ணாடியிற் காண்பது என்ன? போகச் சொன்ன பொலிஸ்காரன் மனம் மாறித் துரத்தி வருகிறான் என்பதை. பின்புறச் சாளரம் வழியே ஒரு துப்பாக்கி நீளுகிறது.

'ஈஸி ரைடர்' படத்திற் சுட்டவர் பக்கம் இங்கே சுடப்பட்டது. சுடப்பட்டவர் பக்கம் இங்கே சுட்டது. இதைக் கண்டு விமர்சகர் சிலர், பொலிஸ் பக்தி கொண்ட படம் என்றும், பாசிசம் என்றும் வசை பாடினர். கான் திரைப்பட விழாவில் அது போட்டிக்குச் சென்று வெறுங்கையோடு திரும்பிற்று. அவ்வாண்டுத் தலைப் பரிசைப் பகிர்ந்துகொண்ட இரண்டு படங்களில் ஒன்றான 'ஸ்கேர்குரோ'வும் வீதிவழிப் பயணக் கதையே என்பது தற்செயல். அமெரிக்காவிலும் மக்கள் திரளவில்லை.

பாசிசம் என்ற குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. பூல் என்ற அதிகாரியை இத்தனை இழிவாகக் காட்டிய படம் பொலிஸைத் துதிக்கும் படமாவது எங்ஙனம்? வானில் இருந்தவன் சுடுவதற்கு விதை போட்டவன் சிப்பர். விண்டர்கிரீன் நல்லவன் என்பதற்கு நாமே சாட்சி. ஆனால் அந்த இளைஞருக்குச் சாட்சி யார்? அவர்கள் அறிந்ததெல்லாம் முன்பு ஒருநாள் அந்த உடை தங்களுக்குச் செய்தது. சிப்பர் செய்யும்போது அருகே நின்ற குற்றமும் விண்டர்கிரீனுக்கு உண்டு. இதை நான் படம் பார்த்த முதல் முறை உணரவில்லை; இரண்டாம் முறையே உணர்ந்தேன். அதற்காகச் சுட்டவனை நியாயப்படுத்துகிறேன் என்று யாரும் கொள்ள வேண்டாம். அச்சம் துப்பாக்கியை எடுத்துத் தரும். அதனாலே அது நியாயமாகிவிடாது.

குறைகளும் உண்டு. ஜோலின் என்ற பாத்திரத்துக்கு, ஹொலிவூட் கனவு கலைந்த பெண்ணின் துயரத்தைக் குடிசாலையிலே கொட்டித் தீர்க்கும் ஒரு காட்சி கிடைத்தது. அதற்கு மேல் அவளைப் பற்றிப் படத்துக்கு அக்கறை இல்லை. நடுவே ஒரு நீண்ட மோட்டார் சைக்கிள் துரத்தல் வருகிறது. கண்ணுக்கு விருந்துதான், கதைக்கு அது வேண்டுவதில்லை. பூல் செய்யும் பிரசங்கங்களைப் பாதியாக வெட்டியிருக்கலாம். புதியவர் எடுத்த படமல்லவா, சொல்ல நினைத்த யாவற்றையும் ஒரே மூச்சிற் சொல்லிவிடத் துடிக்கிறது.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், முன்னர் நான் படிப்பித்த ஒரு பாடசாலையில், ஒழுக்கத்துக்குப் பொறுப்பான ஆசிரியனாக இருந்தேன். பிந்தி வருகிற பிள்ளைகளின் சைக்கிள் திறப்பை வாங்கி வைத்துவிட்டு, இடைவேளையிலே கொடுப்பது வழக்கம். ஒருநாள் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனின் திறப்பை வாங்கிச் சட்டைப் பையிற் போட்டவன் அடியோடு மறந்துபோனேன். அவனும் வந்து கேட்கவில்லை. மாலை வீட்டில் சட்டையைக் கழற்றும்போதுதான் திறப்பு விழுந்தது. மூன்று மைல் நடந்தல்லவா போயிருப்பான் என்று நெஞ்சு திக்கென்றது. உடனே புறப்பட்டு, விசாரித்து, அவன் வீட்டுப் படலையடிக்குப் போய்ச் சேர்ந்தேன். முற்றத்தில் நின்றவன் என்னைக் கண்டான். கண்டதும் ஓடி வீட்டுக்குப் பின்னால் மறைந்துவிட்டான். தகப்பனார் தோளிற் கிடந்த துவாயை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, "என்ன மாஸ்ரர், பொடியன் ஏதும் பிழை விட்டவனே?" என்று நடுங்கிய குரலிலே கேட்டார். நான் திறப்பை நீட்டினேன். என்னால் ஒன்றும் பேச முடியவில்லை. பிழை விட்டவன் நான் என்று சொல்ல வேண்டும் என்று வழிநெடுக எண்ணி வந்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அது வாயில் வரவில்லை. "ஒண்டுமில்லை, இதைக் குடுக்கத்தான் வந்தனான்" என்று சொல்லித் திரும்பினேன். அடுத்த தவணையோடு அந்தப் பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைத்தேன். அது சரியோ, ஓடி ஒளித்தலோ, இன்னும் எனக்குத் தெளிவில்லை. அந்தப் பையன் பிறகும் இரண்டு ஆண்டு என் வகுப்பில் இருந்தான். ஒருபோதும் பிந்தி வரவில்லை. அதையும் நான் ஒரு வெற்றியாக எண்ணவில்லை.

நடிகர் பிளேக்கின் கதை படத்தைவிட விசித்திரமானது. ஐந்தாறு வயதிலேயே நடிக்க வந்தவர். 1967இல் 'இன் கோல்ட் பிளட்' என்ற படத்தில் கொலைஞனாக நடித்துப் புகழ் பெற்றார். அதற்கும் ஒளிப்பதிவு கொன்ராட் ஹோலே. பிறகு 'பரெற்றா' என்ற தொலைக்காட்சித் தொடரில் துப்பறியும் பொலிஸ்காரனாக நடித்து எம்மி விருதும் பெற்றார். 2001இல் அவருடைய மனைவி சுட்டுக் கொல்லப்பட, அவரே எதிரியாக நீதிமன்றில் நிறுத்தப்பட்டார். 2005இல் குற்றவியல் வழக்கில் விடுதலை பெற்றார்; அதே ஆண்டு குடியியல் வழக்கில் பொறுப்பாளி என்று தீர்க்கப்பட்டார். 2023இல் காலமானார். இதையெல்லாம் அறிந்த பின் அந்தச் சிறிய பொலிஸ்காரனின் முகத்தைப் பார்ப்பது முன்போல் இலகுவன்று. குவேர்சியோ கொலராடோ மலைகளிலே கரிபூ ராஞ்ச் என்ற ஒலிப்பதிவுக் கூடத்தை நடத்தி, அங்கே பெரிய பெரிய பாடகரெல்லாம் வந்து பாட, படம் நெறிப்படுத்துவதை மறந்தார்.

பார்க்க விரும்புவோருக்கு ஒரு சொல். சிறு பிள்ளைகளோடு அமர்ந்து பார்க்கத்தக்க படம் அன்று. வன்முறையும் கொச்சைப் பேச்சும் சில காட்சிகளும் உள. உயர்தர வகுப்பினரும் பல்கலைக்கழக மாணவரும் பார்க்கலாம். வீட்டிலே பெரியவர் ஒருவர் உடனிருந்து பிறகு பேசுவாரானால் நன்று. முடிவுக் காட்சியில் மட்டும் தொலைக்காட்சியை அணைத்துவிட வேண்டாம். சூடுபட்டவன் நடுவீதியிலே இருந்தபடியே இருக்கிறான். கமெரா அவனைவிட்டுப் பின்னோக்கிப் போகத் தொடங்குகிறது. வெட்டில்லை. சில நிமிட நேரம் போய்க்கொண்டேயிருக்கிறது. சிக்காகோ குழுவைச் சேர்ந்த டெறி காத் பாடும் பாட்டொன்று எழுகிறது. அவரும் 1978இல், கைத்துப்பாக்கி ஒன்று தற்செயலாக வெடித்து, இளவயதிலே இறந்தார். மனிதன் புள்ளியாகிறான், வண்டி புள்ளியாகிறது, வெறும் கறுத்த வீதியும், இருபக்கமும் செம்பாறைகளும் மட்டும் மிஞ்சுகின்றன.

என்னிடம் படம் கேட்ட மாணவன் விடுமுறை கழிந்து வந்தான். பார்த்தாயா என்றேன். பார்த்தேன் என்றான். சிறிது நேரம் நின்று, "சேர், அந்தப் பத்திரத்தை அவர் பிறகு தபாலிலே அனுப்பியிருக்கலாமே" என்றான். நான் அதை யோசித்துப் பார்த்ததே இல்லை. மணி அடித்தது, அவன் வகுப்புக்குப் போனான்.